நான் கரி துடைத்த முட்டைகள்

உங்கள் பயிற்சி அறைச் சுவரில் ஒரு டிரே தொங்குகிறதே, பார்த்திருப்பீர்கள். கம்பி வலையில் செய்தது. உள்ளே வெள்ளைப் பனியன் துணியில் மெத்தை தைத்திருக்கும். பின்னால் ஒரு குட்டி மோட்டார். "மலைப்பாம்பு முட்டைக்காக நம்ம பெரியவர் ஒரே நாளில் செய்தது" என்று, ஹேச்சரிக்குப் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டுகிறார்கள். என் பணி நிறைவு விழாவிலும் மேடையில் அதைத்தான் பேசினார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது. அந்த முட்டைகள் பொரித்தனவா என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. முட்டை பொரிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதுதானே? எத்தனை வைத்தோம், எத்தனை பொரித்தது? கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். ஆனால் முப்பத்து நாலு வருஷம் கோழி முட்டையோடு குப்பை கொட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? அதனால் சொல்லிவிடுகிறேன்.

அது பறவைக் காய்ச்சல் என்று நாடெல்லாம் பீதி கிளம்பிய சமயம். பல்லடத்துப் பக்கம் ஒரு கோழிக்கும் காய்ச்சல் இல்லை. ஆனாலும் ஜனங்கள் கறிக்கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பண்ணைக்காரர்கள் குஞ்சு வேண்டாம் என்றுவிட்டார்கள். நம் ஹேச்சரியில் பாதி மெஷின்களை நிறுத்திவிட்டோம். கை சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும், எதிரே வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுவேன். அப்படி இருந்த ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஏனுங்க, பாம்பு முட்டை பொரிக்க வெக்க முடியுங்களா?"

"நக்கல் பண்றீங்களா?" என்றேன்.

"நெசமாத்தானுங்க. மடத்துக்குளத்துப் பக்கம் கரும்புக் காட்டுல மலைப்பாம்பு முட்டை கெடச்சிருக்குதாம். தாய் செத்துப்போச்சாம். அங்கத்த வனவர் நமக்குத் தெரிஞ்சவருங்க. பக்கத்துல வேற மெஷின் இல்லே, நீங்க பாருங்கன்னு கேக்கறாரு. நம்ம பழைய காடை முட்டை மெஷின் சும்மாதான கெடக்குது?"

"முட்டைன்னு ஒன்னு இருந்தாப் போதுங்க. யானை முட்டை போட்டாலும் பொரிச்சுக் காட்டறேன்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மறுநாள் காலையில் ஒரு டெம்போ வந்து நின்றது. முன்சீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மடியில் ஒரு மூங்கில் கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் கரி. கண் சிவந்திருந்தது. வேலுசாமி என்று பெயர் சொன்னார். அந்தக் கரும்புக் காட்டின் சொந்தக்காரர்.

"கூடையை இப்படிக் குடுங்க" என்று கை நீட்டினேன்.

"இருங்க, நானே எறக்கறனுங்க" என்றார். "எப்படிக் கெடந்துச்சோ அப்படியேதான் கொண்டாந்திருக்கறனுங்க. ஒன்னக்கூடப் பொரட்டலீங்க."

கூடையில் வைக்கோல்மேல் ஈர மண் பரப்பி, அதில் முட்டைகளை வைத்திருந்தார். இருபத்துமூன்று. வாத்து முட்டையைவிடப் பெரியவை. ஓடு கெட்டியாக இல்லை, தோல்போல இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கொத்தாகக் கிடந்தன. மேல்பக்கம் முழுக்கக் கரி. கரி படாத நாலைந்தின் உச்சியில் அடுப்புக்கரியால் பொட்டு வைத்திருந்தது.

"இது என்னுங்க பொட்டு?"

"நான் வெச்சதுங்க. மேல்பக்கம் எதுன்னு தெரியோணுமல்லங்க. கரும்புக் கரணை நடறப்ப பருவு, அந்த மொளைக் கண்ணு, அடியில போயிடக் கூடாதுங்க, போனா மொளைக்கிறது கஷ்டம். இதுக்கும் மேல் கீழ் இருக்குமோ என்னமோன்னு ஒரு நெனப்புங்க."

நான் சிரித்துவிட்டேன். "இது கரும்பு இல்லீங்க, முட்டை" என்றேன். அவரும் பாவம், கூடச் சிரித்தார்.

நடந்ததை அவரே சொன்னார். கரும்பு வெட்டி முடித்ததும் காட்டில் கிடக்கிற தோகைக்குத் தீ வைப்பது எல்லோரும் செய்கிற வேலைதான். மூன்று பக்கம் தீ வைத்திருக்கிறார். வாய்க்கால் பக்கம் மட்டும் வைக்கவில்லை. எலி, முயல் ஏதாவது இருந்தால் அப்படி ஓடிப் போகட்டும் என்று. தீ அணைந்ததும் உள்ளே நடந்து போனவர், நடுக்காட்டில் லாரி டயர் ஒன்று எரிந்து கிடப்பதாக நினைத்திருக்கிறார். கிட்டே போய்த்தான் தெரிந்திருக்கிறது.

"சுருண்டு முட்டைய மூடிக்கிட்டுக் கெடந்துச்சுங்க. தல மேல இருந்துச்சுங்க. ஓடறதுக்கு வாய்க்காப் பக்கம் வழி இருந்துச்சுங்க. அது ஓடலீங்க. தீ வந்து மேல ஏறுற வரைக்கும் அசையவே இல்லீங்க." கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு நாளா ஊட்டுல சோறு எறங்கலீங்க. இதுல ஒன்னாவது பொழைச்சு வந்துருச்சுன்னா அது கால்ல உழுந்த மாதிரி நெனச்சுக்குவேனுங்க."

ஒரு முட்டையை இருந்த இடத்திலேயே வைத்து, பக்கவாட்டில் விளக்குக் காட்டினேன். உள்ளே சிவப்பாக நரம்புகள் பின்னிக் கிடந்தன. நடுவில் ஏதோ மெல்ல நெளிந்தது. வேலுசாமியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"ஆடுதுங்களே! உசுருங்களா?"

"உசுருதானுங்க. தாய் மூடியிருந்ததுல சூடு உள்ள எறங்கலை."

அந்த மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு அழுதார். தோளைத் தட்டி, "பொரிச்சுக் குடுக்கறது என் பொறுப்புங்க, போய் நிம்மதியாச் சாப்பிடுங்க" என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வனவர் ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார். சென்னையில் பாம்புகளைப் பற்றிப் படித்த ஒரு அம்மா. ஆபீஸ் போனில் பேசினேன். நிதானமாகச் சொன்னார். கோழி முட்டைக்கு வைக்கிற நூறு டிகிரி பாரன்ஹீட் வேண்டாம், தொண்ணூறுக்குள் இருக்கட்டும். ஈரம் நிறைய வேண்டும், ஆனால் முட்டைமேல் தண்ணீர் சொட்டக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அப்புறம் அவர், "இன்னொரு முக்கியமான விஷயம், முட்டையைக் கையாளும்போது" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நீங்க சொல்லோணும்னு இல்லீங்கம்மா. இருபது வருஷத்துக்கு மேல முட்டைதான் நமக்குச் சோறு போடுது" என்றேன்.

"அப்படியா, ரொம்ப நல்லது" என்று அவர் மரியாதையாக நிறுத்திக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு பொம்பளை எனக்கு முட்டை பிடிக்கக் கற்றுத் தருவதா என்ற எண்ணம்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். அழுக்கு முட்டை மெஷினுக்குள் போகக் கூடாது என்பது நம் ஹேச்சரியில் முதல் சட்டம். உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். திருப்பூர்ப் பக்கம் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட் துணிதானே கையில் வரும்? அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இருபத்துமூன்றிலும் இருந்த கரியைத் துடைத்தேன். வேலுசாமி வைத்த பொட்டையும் துடைத்தேன். ஒட்டியிருந்தவற்றைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரித்தேன். ஒன்றுகூடக் கிழியவில்லை. அவ்வளவு பக்குவமான கை. பிரித்து மேஜைமேல் வரிசையாக வைத்தபோது எல்லாம் பளபளவென்று வெள்ளையாக இருந்தன. எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது டிரே. நீங்கள் அறிந்ததுதான், கோழி முட்டையை ஒரே பக்கம் வைத்தால் கரு ஓட்டில் ஒட்டிச் செத்துப்போகும். அடைக்கோழி தினமும் காலாலும் அலகாலும் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நம் மெஷினில் மணிக்கொரு தடவை டிரே சாய்கிறது. பழைய காடை மெஷினின் டிரேயில் பாம்பு முட்டை உட்காரவில்லை. பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அதன் மேனேஜர் சேவியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எனக்கு நல்ல சிநேகிதர். கழித்துப்போட்ட நிட்டிங் மெஷினிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். அவருடைய டெய்லர் ஒருவர் கட்டிங் துணியை இரட்டையாக வைத்து, முட்டைக்கு முட்டை தனித்தனிக் குழியாக மெத்தை தைத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் டிரே தயார். இந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு முட்டைகூட இடத்தைவிட்டு உருளவில்லை.

"ஏ அண்ணாச்சி, தொட்டில் ஆட்டுத மாதிரில்லா இருக்கு!" என்றார் சேவியர். முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி வழியாகக் காட்டினார். எனக்கும் நடை மாறிவிட்டது.

வேலுசாமி வாரம் ஒரு நாள் வந்தார். மடத்துக்குளத்திலிருந்து உடுமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பல்லடத்துக்கு ஒரு பஸ். வரும்போது ஒரு பையில் நாலு இளநியோ ஒரு சீப்பு வாழைப்பழமோ இருக்கும். மெஷின் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். முட்டை வைத்த மறுநாளே முதல் தடவையாக வந்தபோது, அவர் பார்க்கட்டும் என்றே நான் பட்டனை அழுத்தி டிரேயைச் சாய்த்துக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. "ஏனுங்க, இது எதுக்குங்க?"

"பொரட்டோணுமுங்க. இல்லீன்னா கரு ஒட்டிக்கும்."

மறுபடி கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க படிச்சவங்க, பழக்கப்பட்டவங்க. ஆனா தாய் பொரட்டலீங்களே. தீ வந்தும் அது அசையாமத்தானுங்க கெடந்துச்சு. அதுக்கு அசையக் கூடாதுன்னு ஏதோ இருந்திருக்குமோ என்னமோங்க."

தம்பிகளே, தங்கைகளே, நான் இவ்வளவு தூரம் எழுதுவது இந்த ஓர் இடத்துக்காகத்தான். உலகத்தில் அந்தத் தாயை அந்த முட்டைகளோடு பார்த்த ஒரே மனுஷன் அவர். பார்த்ததைச் சொல்கிறார். பாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. மேஜைமேல் போன் இருக்கிறது. நம்பர் இருக்கிறது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "திருப்பலாமா, கூடாதா" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"பாம்பு காட்டுல கெடக்கறது. அதுக்கு மோட்டார் இருக்குதுங்களா? நாம அதைவிட நல்லாப் பாத்துக்கறோமுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலுசாமி, "அதுவுஞ் செரிதானுங்க" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாள் ஆக ஆக, முட்டைகளில் சில இலேசாகக் குழி விழுந்தன. ஈரம் போதவில்லை என்று தண்ணீர்த் தட்டு இன்னும் ஒன்று வைத்தேன். விளக்குக் காட்டிப் பார்த்தேன். சிவப்பு நரம்பு தெரியவில்லை, உள்ளே கருகருவென்று இருந்தது. கோழி முட்டையில் பொரிக்கும் நாள் நெருங்கினால் குஞ்சு நிறைந்து அப்படித்தான் கருப்பாகத் தெரியும். அதனால், "குட்டி நெறஞ்சிருச்சுங்க, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று வேலுசாமியிடம் சொன்னேன். மனுஷன் அன்றைக்கு இருந்த இளநி அத்தனையையும் வெட்டி, வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. நம் ஜெனரேட்டர் முதல் நாள் மத்தியானமே புகை விட்டுப் படுத்துவிட்டது. நான் துடித்துப்போனேன். தெர்மாமீட்டர் ஒவ்வொரு கோடாக இறங்குகிறது. காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்துச் சேவியரிடம் ஓடினேன். அவருக்கு அந்த வாரம் ஏற்றுமதிச் சரக்கு போயாக வேண்டும். அவருடைய ஜெனரேட்டர் அவருக்கே போதவில்லை.

"எத்தனை குட்டி வே உள்ள இருக்கு?" என்று கேட்டார்.

"இருபத்துமூணு."

"ரெண்டு மெஷின நிப்பாட்டுங்கலே!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். ஒயரைச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டு எங்களுக்கு லைன் கொடுத்தார். அவருடைய முதலாளியிடம் அதற்காக அவர் வாங்கிய திட்டு எனக்குத்தான் தெரியும். ஒயர் வரும்வரை நான் சுடுதண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி மெஷினுக்குள் அடுக்கினேன். ஒரு டிகிரிக்கு மேல் இறங்க விடவில்லை. மோட்டார் ஓடாத நேரத்தில் டிரேயைக் கையாலேயே சாய்த்தேன், மணி தவறாமல். உங்கள் சீனியர்கள் இன்றைக்கும் கதையாகச் சொல்வது அந்த மூன்று நாளைத்தான். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் காப்பாற்றியது செத்துப்போன முட்டைகளின் சூட்டை. அது அப்போது தெரியவில்லை.

அந்த அம்மா சொன்ன கணக்குப்படி பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. மேலும் பத்து நாள் போனது. ஒரு காலை மெஷின் கதவைத் திறந்தபோது வாடை அடித்தது. ஹேச்சரிக்காரன் மூக்குக்கு அந்த வாடை தெரியாமல் இருக்காது. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து திறந்தேன். வாடை அங்கேயேதான் இருந்தது.

பொரிக்காத முட்டையை உடைத்து, கரு எந்த வயசில் செத்தது என்று பார்ப்பது நம் வழக்கம். கோழி முட்டை ஆயிரக்கணக்கில் உடைத்தவன் நான். அன்றைக்கு முதல் முட்டையைக் கத்தரியால் வெட்டினேன். உள்ளே குட்டி இருந்தது. விரல் தடிமன். உடம்பில் தாய்க்கு இருப்பதுபோல பழுப்புத் திட்டுகள் விழத் தொடங்கியிருந்தன. கண் இருந்தது. நரம்பு அறுந்து உள்ளேயே ரத்தம் கட்டிக் கிடந்தது. இரண்டாவதிலும் அப்படியே. இருபத்துமூன்றையும் வெட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே வயசு. வேலுசாமி கூடையில் கொண்டுவந்தபோது இருந்த வயசைவிட ஒரு நாலைந்து நாள்தான் கூட. என்னிடம் வந்த முதல் வாரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் சென்னைக்குப் போன் செய்தேன். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சூடு கேட்டார், ஈரம் கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதே என்றார். பிறகு கேட்டார்: "முட்டையைத் திருப்பினீங்களா?"

"மணிக்கொரு தடவை" என்றேன்.

"பாம்பு முட்டையில கரு மேல்பக்கம் ஒட்டிக்கிட்டுத்தான் வளரும். ஒட்டினப்புறம் திருப்பவே கூடாது. எடுக்கும்போதே மேல்பக்கம் அடையாளம் வெச்சு, அப்படியே வைக்கணும். அன்னைக்கு அதைச் சொல்லத்தான்..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷி. எனக்கு வலிக்கும் என்று நிறுத்தினார். அடையாளம் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள், நான்தான் துடைத்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் வேலுசாமி வரும் நாள். எப்போதும்போல மெஷினுக்குத்தான் நேராகப் போனார். உள்ளே காலியாக இருந்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்படியே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சூடு பட்டிருக்குமுங்க" என்றார். "தீ உள்ளுக்குள்ள எறங்கியிருக்குமுங்க. நான் வெச்ச தீதானுங்க. ஒன்னுகூட மிஞ்சலீங்களா?"

இல்லை வேலுசாமி, உங்கள் தீ இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பத்து வார்த்தைகூட இல்லை. மெஷின் ரூம் வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். சேவியர் நின்றுகொண்டிருந்தார். நேற்றுவரை என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஆமாங்க. சூடுதானுங்க."

வனவர் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். முதலாளி, "உங்க மேல தப்பில்லீங்க, டிரே அருமையான டிரே" என்று சொல்லி அதைச் சுவரில் மாட்டிவிட்டார். வேலுசாமி அதற்குப் பிறகு பல்லடத்துக்கு வரவில்லை.

தப்பு செய்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வோம். தெரியாமல் செய்த தப்பு என்றால் இந்நேரம் மறந்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம்தான் அந்த முட்டைகளைக் கொன்றது. சுத்தம் தெரியும், துடைத்தேன். புரட்டத் தெரியும், புரட்டினேன். கருப்பாகத் தெரிந்தால் வளர்ந்துவிட்டது என்று தெரியும், சந்தோஷப்பட்டேன். நாளைக்கு உங்களிடமும் ஒரு பழகாத முட்டை வரும், அல்லது பழகாத நோய் வரும். அப்போது உங்கள் கை தானாகவே பழைய வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். எதிரே நிற்கிற ஆள் ஒன்றும் தெரியாதவராக இருப்பார், தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற மறு மாதம், இனியாவது சொல்லிவிடலாம் என்று மடத்துக்குளத்துக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக் காட்டுக்கே போனேன். வேலுசாமிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இளநி வெட்டிக் கொடுத்தார். காட்டைச் சுற்றிக் காட்டினார். அன்றிலிருந்து தோகைக்குத் தீ வைப்பதில்லையாம். அப்படியே மக்க விடுகிறாராம். எலி சேருகிறது என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். நடுக்காட்டில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் உழாமல் புல் மண்டிக் கிடந்தது.

"இங்கதானுங்க கெடந்துச்சு" என்றார். "இதுல ஏரும் ஓட்டறதில்லீங்க, டிராக்டரும் உடறதில்லீங்க."

பிறகு, இத்தனை வருஷமாக மனதில் போட்டு வைத்திருந்ததைக் கேட்டார்.

"ஏனுங்க, அன்னைக்கு லைட்டு வெச்சுக் காட்டுனீங்களே. உள்ள ஆடுச்சே. அது நெசமாவே உசுருதானுங்களா?"

"உசுருதானுங்க."

"அப்ப தீப்பட்டு ரெண்டு நாள் கழிச்சும் உசுரோட இருந்திருக்குதுங்களே. அப்பறம் எப்படிங்க செத்துச்சு?"

இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு வாசலைத் திறந்து வைக்க முடியுமா? அதைச் சொல்லத்தான் நான் பஸ் ஏறினேன். இளநியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புல்லையே பார்த்தேன். வேலை போகப் போவதில்லை, மரியாதை போனாலும் இனி அதை வைத்து என்ன செய்யப் போகிறேன்?

"உள்காயமுங்க. அது பையத்தான் தெரியும்" என்றேன்.

"அப்படிங்களா" என்று அவர் தலையை ஆட்டினார். ரோடு வரைக்கும் கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக ஒரு சீப்புப் பழத்தைக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். என் வீட்டில் யாரும் அதைத் தொடாமலேயே அழுகிப்போனது.

அந்த டிரேயைக் கழற்ற வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே ஒரு அட்டையில், ஒவ்வொரு மெஷினிலும் நாம் எழுதுகிற மாதிரி எழுதி வையுங்கள்: வைத்தது இருபத்துமூன்று, பொரித்தது ஒன்றுமில்லை. உங்கள் குஞ்சு வண்டி மடத்துக்குளம் வழியாகத்தான் போகிறது. யாராவது ஒருவர் ஒரு தடவை இறங்கி, வேலுசாமியைத் தேடிப் பிடித்து என்னால் முடியாததைச் செய்யுங்கள். முட்டைகளைத் தீ தொடவே இல்லை, அந்தத் தாய் தொட விடவில்லை, எல்லாம் என் கையில்தான் செத்தன என்று அவரிடம் சொல்லுங்கள்.